மழைக்கும் புழுக்கத்துக்கும் தாங்கும் குட்டி ரோஜாவை நாமே உருவாக்கலாமா?

ஆயர் ஈத்தாம் பால்கனி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு, ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். எங்கள் பால்கனி கிழக்கு பார்த்தது. காலை ஏழரை மணியிலிருந்து பதினொன்றரை வரை நேர்வெயில் விழும். அதன் பிறகு வெளிச்சம் மட்டும்தான். கடந்த மூன்று ஆண்டுகளில் இரவுச் சந்தையிலும் பேரங்காடியிலுமாகப் பதினொரு குட்டி ரோஜாத் தொட்டிகளை வாங்கியிருக்கிறேன். எல்லாமே கேமரன் மலையிலிருந்து இறக்கியவை என்றுதான் விற்றவர்கள் சொன்னார்கள். வாங்கும் நாளில் தொட்டி கொள்ளாமல் மொட்டு இருக்கும். இரண்டாவது வாரத்தில் அடியிலைகள் கரும்புள்ளி விழுந்து மஞ்சளாகி உதிரத் தொடங்கும். மூன்றாவது மாதம் முடிவதற்குள் குச்சிகள்தான் மிஞ்சும். பதினொன்றில் ஒன்றுகூட ஓர் ஆண்டைத் தாண்டவில்லை.

இதற்கு நேர்மாறாக, நிபோங் தெபாலில் அம்மா வீட்டு வாசலில் ஒரு ரோஜா நிற்கிறது. பாட்டி தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் லயத்து வீட்டு வாசலில் இருந்த செடியிலிருந்து ஒடித்துக்கொண்டு வந்த போத்து அது என்று அம்மா சொல்வார். அதற்கு ஒரு பெயரும் கிடையாது. வீட்டில் 'பாட்டி ரோஜா' என்றால் போதும். இடுப்பளவு உயரம், எலுமிச்சம்பழ அகலத்தில் பூ, ஒரு பூவுக்குப் பதினைந்து இதழ் தேறினால் அதிகம். காலையில் வெளிர்சிவப்பாக விரியும் பூ, வெயில் ஏற ஏற அடர்ந்துகொண்டே போய் மாலையில் வேறு பூப்போல நிற்கும். மருந்து அடித்ததில்லை, எரு வைத்ததுகூட எப்போதோ ஒரு முறைதான். ஆண்டு முழுவதும் பூக்கிறது. சென்ற மாதம் போயிருந்தபோது அதில் இரண்டு காய்கள் பழுக்கும் பருவத்தில் இருந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் இந்த எண்ணம் வந்தது.

பாட்டி ரோஜாவின் உடற்கட்டும் கடைக் குட்டி ரோஜாவின் அளவும் அடுக்கிதழும் ஒரே செடியில் சேரும்படி நாமே கலப்பு செய்ய முடியுமா? இணையத்தில் உறுதியானவை என்று போடும் வகைகளெல்லாம் மைனஸ் முப்பது பாகைக் குளிரையும் தாங்கும் என்று எழுதியிருக்கிறார்கள். அவற்றை வரவழைப்பதால் பயன் உண்டா? ரோஜா விதை முளைக்கக் குளிர்காலம் வேண்டும் என்கிறார்களே, நாம் குளிருக்கு எங்கே போவது? இரண்டில் எதைத் தாயாக வைப்பது, எதைத் தந்தையாக வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செந்தூல் மொட்டைமாடி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். முதலில் அந்த மைனஸ் முப்பதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். ரோஜா நூல்களும் விற்பனைப் பட்டியல்களும் பெரும்பாலும் குளிர்நாட்டாருக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்கு உறுதியான செடி என்றால், உறைபனியில் தண்டு கருகாமல் கிடந்து வசந்தத்தில் மறுபடியும் துளிர்க்கும் செடி. நமக்கு அந்தத் தேர்வே கிடையாது. நமக்கு உள்ள தேர்வு, 24 பாகைக்குக் கீழே இறங்க மறுக்கும் இரவும், மாலை இடிமழைக்குப் பிறகு விடியும்வரை காயாத இலையும்தான். கரும்புள்ளி நோயைக் கொண்டுவரும் டிப்ளோகார்பன் ரோசே என்னும் பூஞ்சையின் வித்து, இலையின்மேல் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஈரம் நின்றால் உள்ளே புகுந்துவிடும். மாலை ஆறு மணிக்கு விட்ட மழையும் காற்றசைவில்லாத இரவும் சேர்ந்தால் அந்த ஏழு மணி நேரம் தானாகவே கிடைத்துவிடுகிறது. போதாததற்கு, இரவு வெப்பமாக இருந்தால் செடி பகலில் சேர்த்த சர்க்கரையைச் சுவாசத்திலேயே செலவழித்துவிடும். பூ சிறுத்து, இதழ் குறைந்து, இரண்டே நாளில் கொட்டும். கேமரன் மலையில் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தக் குளிரிரவில் வளர்ந்த செடியை ஒரே நாளில் லாரியில் ஏற்றி நம் புழுக்கத்தில் இறக்கினால், அது செத்ததற்குச் செடியை மட்டும் குறைசொல்ல முடியாது.

ஆகவே நாம் தேட வேண்டியது வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உறுதியான செடியை. அந்த வகையில் உங்களுக்குக் கைமேல் ஒரு புதையல் இருக்கிறது. வெயில் பட்டால் வெளிறாமல் அடர்ந்துபோகும் நிறம் சீன ரோஜாவின் அடையாளம். ஐரோப்பியப் பழைய ரோஜாக்கள் வெயிலில் வெளிறும். பருவம் பார்க்காமல் பூப்பதும், இதழ் குறைந்த தளர்ந்த பூவும், மருந்தில்லாமல் பிழைப்பதும் அதையேதான் சொல்கின்றன. பாட்டி ரோஜா சீன ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

குட்டி ரோஜாக்களும் அதே குடும்பத்தின் வாரிசுகள்தான் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, சுவிட்சர்லாந்தில் ரூலே என்ற இராணுவ மருத்துவர், கிராமத்து வீடுகளின் சன்னலோரச் சட்டிகளில் சாண் உயரமே உள்ள ஒரு ரோஜாவைப் பார்த்தார். தாவர அறிஞர் ஆன்றி கொரவோன் அதைப் பரப்பி, ரூலே பெயராலேயே 'ரூலெட்டி' என்று அழைத்தார். அது சீன ரோஜாவின் குள்ள வடிவம். 1930களில் நெதர்லாந்தின் போஸ்கூப் ஊரைச் சேர்ந்த யான் டி விங்க் அதைக் கொண்டு கலப்பு செய்து உருவாக்கிய செடி அமெரிக்காவில் 'டாம் தம்ப்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிறகு கலிபோர்னியாவின் விசேலியா ஊரில் ரால்ஃப் மூர் என்பவர், 2009இல் 102 வயதில் இறக்கும்வரை, தம் வாழ்நாளையே குட்டி ரோஜாவுக்குக் கொடுத்தார். இன்று உலகமெங்கும் உள்ள குட்டி ரோஜாக்களில் பெரும்பகுதிக்கு அவருடைய செடிகளோடு ஏதோ ஓர் உறவு இருக்கும்.

மூர் கடைப்பிடித்த ஒரு வழக்கம் உங்கள் தாய், தந்தைக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. குட்டி ரோஜாக்கள் தாமாகக் காய் பிடிப்பதில் சோம்பேறிகள். எனவே அவர் 'லிட்டில் டார்லிங்' போன்ற சற்றுப் பெரிய, நன்றாகக் காய்க்கும் செடிகளைத் தாயாக வைத்து, குட்டிகளை மகரந்தத்துக்கு மட்டும் பயன்படுத்தினார். உங்களிடம் காய்க்கும் பாட்டி இருக்கிறார். அவரையே தாயாக வையுங்கள். குட்டித்தன்மை ஓங்கு பண்பு, அதாவது தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும். ஆகவே முதல் தலைமுறையிலேயே கணிசமான நாற்றுகள் குள்ளமாக வரும். ஆண்டு முழுவதும் பூப்பது அதற்கு நேர் எதிர். அது ஒடுங்கு பண்பு. இரு பக்கமிருந்தும் வந்தால்தான் தெரியும். அதன் காரணத்தை 2012இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பூப்பதை அடக்கிவைக்கும் ஒரு மரபணுவின் நடுவே வேறொரு துண்டு நுழைந்து அதைச் செயலிழக்கச் செய்துவிட்டதாம். அடக்க ஆளில்லாததால் செடி பூத்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் இரண்டு செடிகளும் தொடர்ந்து பூப்பவை, ஆகவே பிள்ளைகளும் அப்படியே இருக்கும். இலைப் பளபளப்புக்கு ஆசைப்பட்டு விச்சுரானா போன்ற காட்டு ரோஜாவைச் சேர்த்தால், முதல் தலைமுறை ஆண்டுக்கு ஒரே முறை பூக்கும் கொடிகளாக வந்து நிற்கும். அந்த ஒரு முறைக்கும் நம் ஊரில் உத்தரவாதம் இல்லை.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். சீன ரோஜாவுக்குக் குரோமோசோம், அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழைகள், 14. இன்றைய தோட்ட ரோஜாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 28. கடைக் குட்டிகளில் 28 உள்ளவையும் உண்டு, 21 உள்ளவையும் உண்டு. தாயும் தந்தையும் தம்மிடம் உள்ளதில் பாதியைத்தான் கொடுப்பதால், 14ஐயும் 28ஐயும் சேர்த்தால் பிள்ளைக்கு 21 வரும். அத்தகைய செடி நன்றாக வளரும், நன்றாகப் பூக்கும். ஆனால் அதிலிருந்து அடுத்த தலைமுறை எடுப்பது கடினம். அதற்காக அஞ்ச வேண்டாம். வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்து அமெரிக்கா முழுவதும் பரவிய 'நாக் அவுட்' ரோஜாவும் 21 குரோமோசோம் உள்ளதுதான். அந்த மனிதர் நோயுற்ற இலைகளைச் சேகரித்துக் காயவைத்துப் பொடித்து, தம் நாற்றுகளின்மேல் தாமே தூவி நனைத்துவைப்பாராம். அவற்றில் தப்பியவற்றை மட்டும் வளர்த்தார். அதற்கு முன்பே அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரிஃபித் பக், நாற்றுகளுக்கு மருந்தும் அடிக்காமல், போர்வையும் போர்த்தாமல், பனியில் விட்டுத் தேர்ந்தெடுத்தார். அவருக்குப் பனி செய்த வேலையை நமக்கு மழை செய்யும்.

நம்மவர் ஒருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன் வெப்ப நாடுகளுக்கென்றே ரோஜா உருவாக்கி வந்திருக்கிறார். வங்காளத்து ஆற்றங்கரைகளில் அடிப்பகுதி நீரில் நிற்கவே வளரும் ரோசா கிளைனோஃபில்லா என்ற காட்டு ரோஜாவை அதற்காகக் கையில் எடுத்தார். குளிர்நாட்டு இரத்தத்தை நம்பி வெப்பநாட்டு ரோஜா செய்ய முடியாது என்ற அவருடைய வாதத்தைப் படித்த பிறகுதான், என் மொட்டைமாடியில் நானும் கலப்பு வேலையைத் தொடங்கினேன்.

சுங்கை பூலோ நாற்றங்கால் எழுதியது:

கலப்பு விஷயம் அக்காவின் துறை. நான் நாற்றங்காலில் வேலை செய்பவன், செடி சாவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடையில் விற்கும் குட்டி ரோஜாத் தொட்டியில் இருப்பது ஒரு செடி அல்ல. தொட்டி சீக்கிரம் நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காக மூன்று, நான்கு போத்துகளை நெருக்கி நட்டிருப்பார்கள். நடு இடத்தில் காற்றே புகாது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். வாங்கியவுடன் வாளித் தண்ணீரில் வேர்க்கட்டை ஊறவைத்து, மெல்லப் பிரித்து, ஒவ்வொன்றையும் 15 சென்டிமீட்டர் தொட்டியில் தனியாக வையுங்கள். பூவையும் மொட்டையும் கிள்ளிவிட்டு, ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து, பிறகு சிறிது சிறிதாக வெயில் காட்டுங்கள். நான்கில் ஒன்று போனாலும் மூன்று மிஞ்சும்.

மண்ணில் தவறு செய்பவர்கள் அதிகம். மலையிலிருந்து வரும் தொட்டிகளில் உள்ள கரிமண்ணும் நார்த்துகளும் அங்கே சரி, இங்கே தினமும் நனைந்தால் சேறாகிவிடும். நாங்கள் சிவப்பு மண், உமிக்கரி, ஆற்றுமணல், மட்கிய எரு ஆகியவற்றைச் சமமாகக் கலக்கிறோம். உமிக்கரியைக் குறைக்காதீர்கள். கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும்.

ஒரு கேள்வி. தண்ணீர் எந்த நேரத்தில், எப்படி ஊற்றுகிறீர்கள்?

ஆயர் ஈத்தாம் பால்கனி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தண்ணீர் பற்றிக் கேட்டதும் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நான் வேலை முடிந்து வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். இரவுச் சமையலுக்கு முன்பு பூவாளியால் செடியின் தலையிலிருந்து நன்றாக நனையும்படி ஊற்றுவேன். இலையில் உள்ள தூசியும் போகட்டும் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தேன். அக்கா சொன்ன ஏழு மணி நேரக் கணக்கைப் படித்த பிறகு, மழைகூடப் படாத என் பால்கனியில் கரும்புள்ளியை வளர்த்தது நானேதான் என்று புரிகிறது. இன்றிலிருந்து காலையில், வேரில் மட்டும் ஊற்றுகிறேன்.

அக்கா, நீங்கள் செய்யும் முறையைப் படிப்படியாக எழுத முடியுமா? காய் பிடித்த பிறகு விதையை என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடையில் எந்தக் குட்டியை வாங்கினால் மகரந்தம் கிடைக்கும் என்று தெரிந்தால் இந்த வாரமே வாங்கிவிடுவேன்.

செந்தூல் மொட்டைமாடி எழுதியது:

நாற்றங்கால் தம்பி கேட்ட ஒரு கேள்வி என் நீண்ட விளக்கத்தைவிட அதிக வேலை செய்திருக்கிறது. சரி, முறைக்கு வருகிறேன்.

மகரந்தத்துக்கு, முழுதும் விரிந்தபின் நடுவில் மஞ்சள் தெரியும் குட்டியை வாங்குங்கள். அறுபது இதழோடு முட்டைக்கோஸ்போல இருக்கும் பூவில் மகரந்தத் தாள்களே இதழாக மாறியிருக்கும். பிரித்துப் பார்த்தால் இரண்டு, மூன்று பைகள் தேறுவதே கடினம். அடுக்கு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. இலை தடித்துப் பளபளப்பாக இருப்பதையும், கடையிலேயே ஓரமாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தும் பச்சை மாறாமல் இருப்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அத்தகைய செடி பாதி விலைக்கும் கிடைக்கும்.

காலம் முக்கியம். பினாங்கில் சனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள், இப்போதே தொடங்கலாம். எங்கள் கோலாலம்பூரில் நான் சூன், சூலை மாதங்களில் செய்வது வழக்கம். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் நாள்தோறும் மாலை இடிமழை. அப்போது தடவிய மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும்.

தாய்ச்செடியில் நிறம் காட்டி, மறுநாள் விரியும் என்று தோன்றும் மொட்டைப் பிற்பகலில் எடுத்துக்கொள்ளுங்கள். விரிந்த பூ ஆகாது. அதற்குள் தன் மகரந்தத்தைத் தானே பூசிக்கொண்டிருக்கும். வெப்பத்தில் மகரந்தப் பைகள் எதிர்பார்ப்பதைவிட முன்னதாகவே வெடிப்பதால், புத்தகம் சொல்லும் நேரத்துக்கு அரை நாள் முந்திக்கொள்வது நல்லது. இதழ்களை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்துவிட்டு, சுற்றியுள்ள மகரந்தப் பைகளைச் சிறு கத்தரியால் ஒன்றுவிடாமல் வெட்டி எடுங்கள். நடுவில் உள்ள, மகரந்தத்தை ஏற்கும் சூல்முடிக் கொத்தில் கை படக்கூடாது. அதே நாளில் குட்டி ரோஜாவின் மகரந்தப் பைகளை வெட்டி, வெள்ளைத்தாளில் பரப்பி, காற்றாடிக்குக் கீழே வைக்காமல் வீட்டுக்குள் உலரவிடுங்கள். நான் முதல் முறை காற்றாடியை மறந்துவிட்டு, காலையில் வெறும் தாளைத்தான் பார்த்தேன். மறுநாள் காலை அந்தப் பைகள் வெடித்துத் தாளில் மஞ்சள் பொடி இருக்கும். சூல்முடியும் பிசுபிசுப்பாக இருக்கும். விரல்நுனியால் தொட்டுத் தடவுங்கள். அதற்கு அடுத்த நாளும் ஒரு முறை தடவினால் உறுதி. இதழ் இல்லாத பூவைத் தேனீ அதிகம் நாடாது. ஆனாலும் சாரலுக்காக இரண்டு நாள் காகித உறை போட்டுவைப்பது நல்லது. பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வெந்துவிடும்.

அட்டையில் தாயின் பெயரை முதலிலும் தந்தையின் பெயரைப் பிறகும் எழுதித் தேதியோடு கட்டுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை இரண்டு மழைக்குத் தாங்காது. மூன்று வாரத்தில் அடிப்பகுதி பச்சையாக உப்பினால் பிடித்துவிட்டது என்று பொருள். மஞ்சளாகிக் காம்போடு விழுந்தால் மறுபடியும் முயல வேண்டியதுதான். பத்துப் பூவுக்கு மகரந்தம் வைத்தால், நல்ல ஆண்டில் எனக்கு நான்கு காய் நிற்கும்.

ஏறத்தாழ நான்கு மாதத்தில் காய் ஆரஞ்சு நிறத்துக்கு வரும். பறித்து வெட்டி, சதையை நன்றாகக் கழுவிவிட்டு, ஈர மெல்லிழைத்தாளில் சுற்றி, மூடி ஒட்டும் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையவைக்கும் தட்டில் அல்ல. நாலைந்து பாகைக் குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் முளைப்பை அடக்கிவைத்திருக்கும் பொருள் விதைக்குள் குறையும். நீங்கள் தேடிய குளிர்காலம் அதுதான். ஆறு முதல் பத்து வாரம் வைக்க வேண்டும்; வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். சீன ரோஜாக் குடும்பத்து விதைகள் சில பெட்டிக்குள்ளேயே வேர் நீட்டிவிடும். அவற்றை உடனே எடுத்து நட வேண்டும். பையின்மேல் பெரிதாக எழுதி ஒட்டவும் மறக்காதீர்கள். என் மாமியார் ஒரு முறை அதைக் கெட்டுப்போன ஊறுகாய் என்று எண்ணிக் குப்பையில் போட்டார். ஐந்து மாத உழைப்பு அரை நிமிடத்தில் போயிற்று.

விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டு, மேலே ஆற்றுமணலை மெல்லியதாகத் தூவுங்கள். நாற்றின் கழுத்து அழுகாமல் இருக்க அது உதவும். கண்ணாடிப் பெட்டி, பிளாஸ்டிக் மூடி எதுவும் நம் ஊருக்கு வேண்டாம். குட்டி ரோஜா நாற்றுக்கு உள்ள பெரிய வசதி, முளைத்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் பூவைக் காட்டிவிடுவதுதான். ஆனால் அந்த முதல் பூவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது ஒற்றை அடுக்கில், பட்டாணி அளவில் இருக்கும். செடி வளர வளர இதழ் கூடும்.

ஒரு முறை என்னிடம் 41 விதைகள் சேர்ந்தன, முளைத்தவை 13, மழைக்காலம் முடிந்தபோது இலையோடு நின்றவை இரண்டு. அந்த இரண்டில் ஒன்றின் பூ பார்க்கச் சகிக்கவில்லை. மிஞ்சிய ஒன்றுதான் இன்றும் மாடியில் பூத்துக்கொண்டிருக்கிறது. நாற்றுகளின்மேல் இரக்கப்பட்டு மருந்து அடித்தீர்கள் என்றால் எது உறுதியானது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

பாலிக் புலாவ் ஆசிரியர் எழுதியது:

அம்மணிகள் இருவரும் பொறுத்தருள வேண்டும். எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. முப்பது ஆண்டு பள்ளித் தோட்டம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலாவது, ஒன்பதாவது மாடிப் பால்கனியில் செய்யும் தேர்வு மழைக்கான தேர்வாக அமையாது. மேலே கூரை, பக்கத்தில் ஓயாத காற்று, வெயிலில் சுடும் சுவர். அங்கே கரும்புள்ளியைவிடச் செஞ்சிலந்திப் பேன்தான் இயல்பான எதிரி. இலையின் அடிப்புறத்தில் தூசிபோல ஒட்டி, இலையை வெளிறச் செய்து, கடைசியில் வலை பின்னும். தங்கை இனி இலையையே நனைக்காமல் வேருக்கு மட்டும் ஊற்றினால் அது இன்னும் பெருகும். ஆகவே வாரம் இரண்டு முறை, வெயில் ஏறும் காலை நேரத்தில், இலையின் அடிப்பக்கம் படும்படி நீரைப் பீய்ச்சுங்கள். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பூஞ்சைக்கு நேரம் போதாது, பேனும் கழுவிக்கொண்டு போகும்.

இரண்டாவது, அக்கா குறிப்பிட்ட ராட்லரின் முறையை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். பக்கத்து வீட்டாரும் ரோஜா வளர்ப்பார்கள். மருந்தே கூடாது என்பதும் நாற்றுப் பருவத்துக்கு மிகக் கடுமையான விதி. இரண்டு இலை விட்ட நாற்று அழுகலில் சாவதற்கும் வளர்ந்த செடி கரும்புள்ளியில் சாவதற்கும் தொடர்பில்லை. நான்கு மாதம்வரை காப்பாற்றி, அதன் பிறகு மழையில் விடுவதே நியாயமான தேர்வு என்பது என் எண்ணம்.

மூன்றாவதுதான் முக்கியம். பாட்டி ரோஜா நாட்டில் ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு செடியாக நிற்கிறது. வாசலை அகலப்படுத்த யாராவது மண்வெட்டி எடுத்தால் கதை முடிந்தது. கலப்பைத் தொடங்கும் முன் அதைப் பெருக்குங்கள். பூ உதிர்ந்த தண்டில், பென்சிலைவிடச் சற்று மெலிந்த பகுதியை நான்கு கணு இருக்கும்படி வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, மணலும் உமிக்கரியும் கலந்த சட்டியில் பாதி புதையும்படி நட்டு நிழலில் வையுங்கள். அடியை வெட்டிய தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்து மூடினால் ஈரம் நிற்கும். நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். இப்படி வந்த செடி தன் வேரிலேயே நிற்பதால், ஒட்டுச்செடியைப்போல அடிச்செடி கிளைத்து மேலே ஏறி ஏமாற்றாது. ஆறு போத்தாவது போடுங்கள். இரண்டை எனக்குக் கொடுத்தால், இங்கே தோட்டத்தில் வெட்டவெளியில் வைத்துப் பார்க்கிறேன். பிற்பாடு உங்கள் கலப்பு நாற்றுகளையும் இங்கே ஒரு மழைக்காலம் நிறுத்தலாம்.

செந்தூல் மொட்டைமாடி எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன மூன்றில் இரண்டை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். போத்துப் போடும் யோசனை எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். நாற்றுக்கு நான்கு மாதச் சலுகை என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு பாதிதான். அழுகலுக்கு மருந்து தேவையில்லை, மணலும் காற்றும் போதும். சலுகையை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பேன்.

தங்கை, அம்மா வீட்டில் தானாகப் பிடித்த அந்த இரண்டு காய்களை வீணாக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் பாட்டியின் சொந்த மகரந்தமே இருக்கும், குட்டி வராது. ஆனால் குளிரவைத்து முளைக்கவைக்கும் பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. பாட்டி ரோஜாவின் விதை முளைக்கும் திறன் உள்ளதா என்பதும் கலப்பில் உழைப்பைப் போடும் முன்பே தெரிந்துவிடும்.

ஆயர் ஈத்தாம் பால்கனி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தைப்பூசத்துக்கு அம்மா தண்ணீர்மலைக்கு வந்தபோது, ஈரத்துணியில் சுற்றிய எட்டுப் போத்துகளும் அந்த இரண்டு காய்களும் அவரோடு வந்து சேர்ந்தன. போத்துகளில் ஐந்து பச்சையாக நிற்கின்றன, மூன்று கறுத்துவிட்டன. ஆசிரியர் ஐயாவுக்கு இரண்டு ஒதுக்கிவைத்திருக்கிறேன். வேர் பிடித்ததும் கொண்டுவருகிறேன்.

புதிதாக வாங்கிய வெள்ளைக் குட்டி ரோஜாத் தொட்டியை ஊறவைத்துப் பிரித்தேன். நாற்றங்கால் அண்ணன் சொன்னதுபோலவே உள்ளே நான்கு செடிகள் இருந்தன. நான்கும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இரண்டாவது வாரம் தாண்டியும் இலை உதிராத குட்டி ரோஜாவை இந்த வீட்டில் இப்போதுதான் பார்க்கிறேன். கலப்புக்குத் தாய் நிபோங் தெபாலில் இருப்பதால், குட்டி பூத்ததும் மகரந்தத்தை உலர்த்திச் சிறு புட்டியில் எடுத்துக்கொண்டு அங்கே போகலாம் என்று திட்டம்.

காய்களை நேற்று வெட்டினேன். ஒன்றில் ஏழு விதை, மற்றொன்றில் இரண்டே இரண்டு. தண்ணீரில் போட்டபோது ஆறு மூழ்கின, மூன்று மிதந்தன. மிதப்பவை பொக்கு என்று எங்கோ படித்தேன், எறிந்துவிடலாமா?

செந்தூல் மொட்டைமாடி எழுதியது:

எறியாதீர்கள். ரோஜா விதையில் அந்தச் சோதனையை நம்ப முடியாது. என் மாடியில் நிற்கும் அந்த ஒரே செடி மிதந்த விதையிலிருந்து வந்தது. தனித்தாளில் சுற்றி, "மிதந்தவை" என்று எழுதி, மற்றவற்றோடு அதே பெட்டியில் வையுங்கள். மகரந்தப் புட்டிக்குள் பேரங்காடிப் பொட்டலங்களில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நிபோங் தெபால் போய்ச் சேரும்வரை உலர்ந்தே இருக்கும்.